வாயைத் திறக்காத நாற்பத்திரண்டு பேர்

இனிகோ செய்த வேலையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். பெண்டாட்டி ஏழு வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்து, டாக்டர் பட்டத்துக்கான கடைசித் தேர்வுக்கு நிற்கப் போகிறாள். வைவா என்று அதற்குப் பெயர். எல்லார் முன்னாலும் நடக்கும். இந்த மனுஷன் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, ஊரில் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். "புதன்கெழம தருமபுரிக்கு வேன் போவுது, கண்டிப்பா வந்துருங்க" என்றான். அடுத்த மூச்சிலேயே, "வந்து உக்காந்தா போதும். ஆரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றான்.

காரணம் இல்லாமல் இல்லை. ஜோஸ்பின் காட்டிய அழைப்பிதழின் அடியில், 'பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதை அவன் இரண்டு தரம் படித்தான். ஆட்களைக் கூட்டி வைத்து, யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்பது, அவனுக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. மூன்றாம் ஓலை முடிந்தால் கல்யாண வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

இனிகோவுக்கும் ஜோஸ்பினுக்கும் இரண்டாம் ஓலையிலேயே தடை விழுந்தது. ஜோஸ்பினின் பெரியப்பா மதலைமுத்து நேராகச் சாமியாரிடம் போய், இரண்டு பேருக்கும் அம்மாவழிப் பாட்டிகள் கூடப்பிறந்தவர்கள், அண்ணன் தங்கை முறை ஆகிறது என்று சொல்லிவிட்டார். மனுஷர் கெட்டவர் இல்லை, தப்பாக நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி அது தப்பென்று காட்ட எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் ஜோஸ்பின் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஓடியும் இனிகோவுக்கு அந்த முகம் மறக்கவில்லை. இப்போதும் யாராவது எதையாவது கேட்டுவைத்து, அது விசாரணை, கடிதம் என்று இழுத்து, அவள் மறுபடியும் காத்துக் கிடந்தால்? அதை இன்னொரு தரம் பார்க்க அவனால் ஆகாது.

மதலைமுத்து வீட்டுக்கு மட்டும் இரண்டு நடை போனான். "மாமா, நீங்கதான் முக்கியம்" என்றான்.

"கம்முனு இருந்துக்கறேன் மாப்ள. அன்னைக்குப் பண்ணுனது பத்தாதா" என்றார் அவர். எழுபத்தைந்து வயது ஆள், குரலே கம்மிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜோஸ்பின் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "நம்ம ஆளுங்க ஆராச்சும் ஒரு கேள்வி கேட்டுட்டாங்கன்னா..." என்று ஆரம்பித்தாள். பயப்படுகிறாள் என்று அவன் நினைத்துவிட்டான்.

"அத நெனச்சு நீ மருகாத. நான் பாத்துக்கறேன்."

அவள் முகம் மலர்ந்தது. தன் சாமர்த்தியத்தில் அவனுக்கே ஒரு பெருமை. இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்குச் சந்தோஷப்படுகிறார்கள் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

ஜோஸ்பின் ஆராய்ச்சி செய்தது துனிஸ் மன்னர்களைப் பற்றி. வட ஆப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கும் தேசம் அது; தலைநகரின் பெயரும் துனிஸ்தான். தலைமுறை தலைமுறையாக ஒரே வம்சம் ஆண்ட அந்த நாடு, 1881இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு எப்படிப் போயிற்று என்பதுதான் அவள் கட்டுரை. தமிழிலேயே எழுத அனுமதி வாங்கியிருந்தாள். மொரப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. காலையில் இனிகோதான் வண்டியில் பொம்மிடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுவான். முந்தின நாள் படித்ததைப் பின்னால் உட்கார்ந்து அவன் காதோரம் சொல்லிக்கொண்டே வருவாள். மரவள்ளிக் காடும் புளியமரமும் கடந்து போக, துனிஸ் அரண்மனையில் யார் யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படியாயிற்று. ரயில் வந்ததும் கதை அப்படியே நிற்கும். சொந்தக்காரர்கள்தான் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். அவள் அக்கா ராஜமேரி, "அந்த ராசா வந்து நம்ம தக்காளிக்கி வெல ஏத்தித் தரப் போறானா" என்பாள். ஜோஸ்பின் சிரித்து வைப்பாள். உள்ளே சுருக்கென்று குத்துவது இனிகோவுக்குத் தெரியும்.

புதன்கிழமை கல்லூரி அரங்கில் நாற்பத்திரண்டு பேரும் கடைசி நான்கு வரிசையை அடைத்து உட்கார்ந்தார்கள். மதலைமுத்து துண்டை மடித்து வாயில் பொத்திக்கொண்டார். பல்வலியா என்று ஒரு மாணவி வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

ஜோஸ்பின் பேசினாள். அடேயப்பா, என்ன குரல். வீட்டில் பால்காரனிடம் சண்டை போடும் குரலா இது என்று இருந்தது இனிகோவுக்கு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், நரைத்த மனிதர், துருவித் துருவிக் கேட்டார். அவள் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. பிறகு அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் வெண்மதி எழுந்தார்.

"பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்."

ஒரு சத்தமில்லை. ஜோஸ்பின் புன்சிரிப்போடு கடைசி வரிசைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்த முகமெல்லாம் தரையைப் பார்த்தது. கடைசியாக இனிகோவைப் பார்த்தாள், அவன் நிம்மதியாகத் தலையாட்டினான். அவள் சிரிப்பு மெல்ல வடிந்துபோயிற்று.

இனிகோவுக்குச் சுரீர் என்றது. இந்த முகம் அவனுக்குத் தெரியும். இரண்டாம் ஓலை அன்று கோயில் வாசலில் பார்த்த அதே முகம்.

"இத்தனை பேர் வந்திருக்கீங்க, ஒருத்தருக்குமா கேள்வி இல்ல?" என்றார் தேர்வாளர்.

"அவங்க எம்மேல பிரியத்துல வந்தவங்க சார்" என்றாள் ஜோஸ்பின். "இதெல்லாம் அவங்களுக்கு வேண்டியது இல்ல. பரவால்லீங்க."

பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பயப்படவே இல்லை. நேற்று அவள் ஆசைப்பட்டதே யாராவது கேட்க வேண்டும் என்றுதான். பக்கத்தில் இருந்த மதலைமுத்துவின் கையைச் சுரண்டினான். "மாமா, எதாச்சும் கேளுங்க." அவர் துண்டை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சொன்ன சொல் தவறாத மனுஷர்.

வெண்மதி ஃபைலை மூடப் போனார். இனிகோ எழுந்து நின்றுவிட்டான்.

"டீச்சர்" என்றான் ஜோஸ்பினைப் பார்த்து. எல்லாரும் திரும்பினார்கள். "அன்னைக்கு அந்தப் பிரெஞ்சுத் தளபதி பேப்பரோட அரமனைக்கு வந்தான். கையெழுத்துப் போட ராசாவுக்குக் கொஞ்ச நேரந்தான் குடுத்தான். போடலன்னா நாற்காலியில உக்கார வெக்க அவரு தம்பியத் தயாரா வெச்சிருந்தாங்க. சபையில எல்லாரும் கம்முனு இருந்தப்ப, போடாதீங்கன்னு ஒத்த ஆளு மட்டும் சொன்னாரு. துனிஸ் நகரத் தலைவரு. அவரு அப்பறம் என்ன ஆனாரு?"

ஜோஸ்பின் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அதை அவள் சொல்லி மூன்று வருஷம் இருக்கும்.

"லார்பி ஜரூக்" என்றாள். "ராஜா கையெழுத்துப் போட்டுட்டாரு. இவருக்குப் பதவி போச்சு. ஊர வுட்டே போனாரு. கடைசியில மதீனாவுல செத்தாரு. பொறந்த மண்ணுக்குத் திரும்பலீங்க."

"மத்தவங்க ஏன் பேசல?"

"பேசுனா ராஜாவுக்குக் கெடுதல் வந்துருமோன்னு சில பேரு பயந்திருக்கலாம். அவரக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டே கம்முனு இருந்திருப்பாங்க."

இனிகோ உட்காரவில்லை. "நானும் அப்பிடித்தானுங்க நெனச்சேன்" என்றான். "இவுங்கள ஒண்ணும் பேசாதீங்கன்னு சொன்னது நாந்தான். ஓலை மாதிரி எதாச்சும் தட வந்துருமோன்னு பயந்துட்டேன்."

தேர்வாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜோஸ்பினுக்கு எல்லாம் விளங்கிற்று. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

மதலைமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "அப்ப நான் கேக்கலாங்களா?" என்றார். "அந்தத் தம்பிக்காரன், அண்ணன் நாற்காலிக்கு ஆசப்பட்டு அவனாத்தான் வந்தானா, இல்ல இழுத்தாந்தாங்களா?" ராஜமேரி, அந்த ராணிகள் என்ன ஆனார்கள் என்றாள். அவள் பின்னால் இருந்த சாலம்மாள், அந்த ஊரில் என்ன வெள்ளாமை என்றாள். ஜோஸ்பின் ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாகச் சொன்னாள். தேர்வாளர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர் எழுந்து, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவிக்க முடிந்தது.

வேனில் இடமிருந்தும் ஜோஸ்பின் இனிகோவின் வண்டியிலேதான் ஏறினாள். பொம்மிடியை நெருங்கும்போது அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல? அந்த ஆளு என்ன ஆனாருன்னு."

"ரயிலு வந்துருச்சு. நீ எறங்கிப் போயிட்ட."

"அதுக்கு மூணு வருசமா?"

"மறுநா நீ வேற கத ஆரம்பிச்சுட்ட. குறுக்க கேக்க வேண்டாம்னு இருந்தேன்."

அவள் நெற்றியை அவன் முதுகில் வைத்துக்கொண்டாள். "அவரு ஊர வுட்டு எப்படித் தப்பிச்சாருன்னு இன்னும் சொல்லலயே" என்றாள்.

"சொல்லு."

எப்போதும் கதை நின்றுபோகும் ஸ்டேஷன் திருப்பம் வந்தது. இனிகோ திரும்பாமல், வண்டியின் வேகத்தைக் குறைத்து நேராகப் போனான்.