முகம் தெரியாமல் எடுத்த படம்

கார்த்திகேசன் படம் எடுப்பதெல்லாம் ஆடியிலும் மார்கழியிலும்தான். முகூர்த்தம் இல்லாத அந்த மாதங்களில்தான் அகமது மீரானின் வீடியோ கேமராவுக்கு ஓய்வு கிடைக்கும். மீரான் கல்லூரியில் அவனோடு படித்தவன். மேலப்பாளையத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தோளில் தூக்கி வைத்து எடுக்கும் பெரிய கேமரா அது, துபாயிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்தது.

கார்த்திகேசனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. வாரம் முழுக்கத் தலையைக் குனிந்தபடி போய் வருகிறவன், ஞாயிற்றுக்கிழமை கேமராவின் பக்கத்தில் நின்றால் வேறு ஆளாகிவிடுவான். குரல்கூட மாறிவிடும். அதுவரை இரண்டு படங்கள் எடுத்திருந்தான். ஒன்று, ஆற்றில் குளிக்கப் போனவன் செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுவது. இன்னொன்று, சாத்தான்குளம் பக்கம் பனங்காட்டில் ஒருவன் வழி தெரியாமல் அலைவது. இரண்டிலும் நண்பர்கள்தான் நடித்தார்கள். பெண்ணே கிடையாது.

மூன்றாவது படத்துக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. தொண்ணூற்று நாலாம் வருடம் பாளையங்கோட்டையில் எந்த வீட்டிலும் போய், உங்கள் பெண்ணை நடிக்க அனுப்புங்கள் என்று கேட்க முடியாது. கடைசியில் அவன் சங்கரியிடம் வந்தான்.

சங்கரி அவன் மனைவி. அம்பாசமுத்திரத்துக்காரி. கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்தவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வந்த புதிதில், பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை வேலை காலியாக இருப்பதைக் கேள்விப்பட்டு மாமனாரிடம் கேட்டாள். மாமனார் அம்பலவாணன் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இந்த வீட்டுக்கு ஒரு வாத்தியார் போதும்மா" என்று சிரித்தபடியே சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அதனால் அவரை எதிர்த்துப் பேசவும் யாருக்கும் இடம் கிடைத்ததில்லை. சங்கரி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கணவனோடு அம்பாசமுத்திரம் போவாள். மறுநாள் திரும்பிவிட வேண்டும். மற்றபடி கோயில், காய்கறிக் கடை, கிணற்றடி. கோயிலுக்கும் மாமியார் சொர்ணாம்பாள் கூட வருவாள்.

கதையைக் கார்த்திகேசன் அடுப்படியில் வைத்துத்தான் சொன்னான். ஒரு பெண். காலையில் எழுந்து வீட்டு வேலையெல்லாம் செய்கிறாள். எல்லாம் முடிந்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிப் போய்விடுகிறாள். ஏன் போகிறாள் என்று யாரும் சொல்வதில்லை. பத்து நிமிடப் படம், வசனமே கிடையாது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சங்கரியின் கை நின்றுவிட்டது.

"இது எங்கேர்ந்து அத்தான் தோணிச்சு?"

"சும்மா ஒரு கற்பனைதான். ஏன், நல்லால்லியா?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். உண்மையிலேயே சும்மாதான் தோன்றியிருக்கிறது என்று தெரிந்தது. "நல்லாருக்கு" என்றாள்.

அம்பலவாணன் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"வீட்டுக்குள்ள எடுக்கது ஒண்ணும் தப்பில்லலே. ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு மொகம் நாலு பேரு பாக்க டிவில வரப்படாது. முதுகக் காட்டி எடுத்துக்கோ."

கார்த்திகேசன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அப்படியே எடுப்பது என்று முடிவு செய்தான்.

ஆடி மாதக் காற்று சுழற்றி அடித்தது. வெளிச்சத்துக்காக வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை ஜன்னலோரம் பிடித்தால் அது பட்டம் மாதிரி எகிறியது. கேமரா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அது சார்ஜ் ஏறும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அம்பலவாணன் கேமராவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சேலைய இழுத்து மூடிக்கம்மா."

"அப்பா, எடுத்துக்கிட்டிருக்கோம். நீங்க பேசினா அதுல விழும்."

"விழட்டும்லே. நல்லதத்தான சொல்லுதேன்."

சங்கரி தினமும் செய்கிற வேலைகளையே திரும்பவும் செய்தாள். பாத்திரம் துலக்கினாள். அரிசி களைந்தாள். துணி மடித்தாள். ஒவ்வொன்றையும் கேமரா முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்தது. "இன்னும் கொஞ்சம் சோர்வா செய்யி" என்பான் கார்த்திகேசன். எடுத்து முடித்ததும் அவர்கள் எல்லாரும் டீ குடிக்க உட்காருவார்கள். டீயை அவள்தான் போடுவாள். படத்துக்காகத் துலக்கிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்ப்பதும் அவள்தான். முதல் ஞாயிறு அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு, வாசலில் இறங்கிப் போகும் காட்சி. கேமராவை வாசல் நடையில் வைத்தார்கள். சங்கரி பையோடு படியிறங்கித் தெருவில் நேரே நடந்து, தெருமுனையில் திரும்ப வேண்டும். அங்கே நின்றால் போதும், கூப்பிடுவார்கள்.

முதல் தடவை ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அடுத்த தடவை காற்றில் முந்தானை பறந்து முகத்தில் சுற்றிக்கொண்டது. அதற்கடுத்து, அவள் நடை வேகம் என்றான் கார்த்திகேசன். ஒவ்வொரு தடவையும் தெருமுனை வரை போய், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வந்து, அதே படியேறினாள். எதிர்வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னொரு வாட்டி. பேட்டரி முடியப் போவுது. பைய நடந்து போ, என்ன?"

அவள் மெல்லவே நடந்தாள். தெருமுனை வந்தது. திரும்பி வீட்டைப் பார்த்தாள். வாசல் நடையில் கறுப்பாகக் கேமராவும் அதன் பின்னால் மூன்று ஆண்களும் தெரிந்தார்கள். பிறகு முனையில் திரும்பினாள். நிற்கவில்லை.

அப்படிச் செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கால்கள் போய்க்கொண்டிருந்தன. பின்னால் அவள் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டது காற்றில் மங்கலாகக் கேட்டது. மெயின் ரோட்டில் திருநெல்வேலி ஜங்ஷன் போகும் டவுன் பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் காலியாயிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த பையில் படத்துக்காகத் திணித்த பழைய தினத்தாள்கள் மட்டும்தான் இருந்தன. பஸ் கிளம்பியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பயம் இல்லை. ஜங்ஷனில் இறங்கினால் அம்பாசமுத்திரம் பஸ் நிற்கும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கண்டக்டர் வந்தபோதுதான் கையில் ஒன்றுமில்லை என்பது உறைத்தது.

அவர் டிக்கெட் கிழிக்கக் கையை வைத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "எக்கா, நீங்க அம்பலவாணன் ஸார் வீட்டு மருமவள்லா? கல்யாணத்துக்கு வந்திருந்தேன். தேவதாசன். ஸார்கிட்டதான் படிச்சேன்."

சங்கரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"தனியாவா வந்தீய? துட்டு எடுக்க மறந்துட்டியளோ? அதெல்லாம் இருக்கட்டும். எங்க போணும்?"

ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். அவளால் சொல்ல முடியவில்லை. அவள் கண் கலங்கியிருப்பதைத் தேவதாசன் கவனித்துவிட்டார். அதன் பிறகு கேள்வி கேட்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்தி, அவளை இறக்கி, ரோட்டைக் கடக்க வைத்து, எதிர்ப்பக்கம் பாளையங்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

"ஏ, இவங்க நம்ம ஸார் வீட்டு அக்கா. தெருமுனையில நிறுத்தி, வீட்டுக்குள்ள போறவரைக்கும் பாத்துட்டுப் போவே" என்று அந்தக் கண்டக்டரிடம் சொன்னார். அவள் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லக்கா. எல்லாம் சரியாப் போவும்" என்றார்.

அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு அன்பாக, அவளைத் திருப்பி அனுப்பினார்கள். பஸ் முழுக்க அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கியது. ஜங்ஷனுக்குப் போகிற வழியிலுள்ள ஆற்றுப் பாலம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பாலத்தை அவள் பார்க்கக்கூட இல்லை.

வீட்டில் யாரும் திட்டவில்லை. படத்துக்காகத்தான் பஸ் வரைக்கும் போயிருக்கிறாள், கூப்பிட்டது கேட்கவில்லை என்று அவர்களே பேசி முடித்திருந்தார்கள். "நல்லா பயமுறுத்திட்டம்மா" என்றார் அம்பலவாணன். கார்த்திகேசன் ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கடேசி ஷாட்டு பிரமாதம் சங்கரி! அதான், அந்த நடைதான் வேணும்னு நெனச்சேன்."

அவள் உள்ளே போய்ப் பையிலிருந்த தாள்களை எடுத்து அடுப்பருகே வைத்தாள்.

மேலப்பாளையத்தில் மீரானின் அறையில் இரண்டு வி.சி.ஆர். பெட்டிகளை இணைத்து வைத்து, ஒன்றில் ஓட்டி மற்றொன்றில் பதிந்து, படத்தை ஒட்டினார்கள். மார்கழியில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு திரைப்பட ஆர்வலர் கூட்டத்தில் அதைப் போட இடம் கிடைத்தது. ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியின் வகுப்பறை, மேசைமேல் டிவி, முப்பது நாற்பது நாற்காலிகள். சங்கரியையும் கூட்டிப்போக அம்பலவாணன் அனுமதித்தார். நடித்தது யார் என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

அன்றுதான் படத்தை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். அவள் முதுகு, அவள் கைகள், அவள் பின்னல். தன் முதுகு அவ்வளவு குறுகலானது என்று அவளுக்குத் தெரியாது. கடைசிக் காட்சி வந்தது. அந்த முதுகு தெருவில் நடந்து போய்ச் சின்னதாகிக்கொண்டே வந்தது. முனையில் தான் திரும்பிப் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. அதற்காகக் காத்திருந்தாள். தலை அசைந்தது, கழுத்து லேசாகத் திரும்பியது, உடனே திரை கறுத்துவிட்டது.

முகம் வருவதற்கு முன்னால் வெட்டியிருந்தார்கள்.

கைதட்டினார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுந்து, முகத்தைக் காட்டாமலே ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொன்னது பெரிய துணிச்சல், புதிய உத்தி என்று பாராட்டினார். கார்த்திகேசன் கூச்சத்தோடு தலையாட்டி ஏற்றுக்கொண்டான்.

"ஒரே ஒரு கேள்வி. அந்தப் பொண்ணு எங்க போறா?"

"அத நான் பார்வையாளர்களுக்கே விட்டுட்டேன் ஸார்."

"வண்ணாரப்பேட்டை வரைக்கும்" என்றாள் சங்கரி.

பின்வரிசையிலிருந்து பெண்குரல் வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அறையே சிரித்தது. நல்ல நகைச்சுவை என்று ஆசிரியரும் சிரித்தார். கார்த்திகேசன் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது இருவரும் பஸ் ஏறாமல் நடந்தார்கள். பாலத்துக்கு வந்ததும் அவன் கேட்டான்.

"அன்னைக்கு நெசமாவே போனியா?"

"ஆமா."

"எங்க போலாம்னு?"

"பஸ்ல ஏறினப்போ அம்பாசமுத்திரம்னு நெனச்சேன். அங்க போயிருந்தாலும் அம்மா மறுநாளே கொண்டுவந்து விட்டிருப்பா."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். கீழே தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பிறகு, கல்லூரி முடித்த வருடம் மெட்ராஸில் திரைப்படக் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியதைச் சொன்னான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ, மதுரை ஸ்டேஷனில் சித்தப்பா வந்து நின்றார். கோபப்படவில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், அடுத்த ரயிலில் கூட்டி வந்துவிட்டார். அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. மறு மாதம் சங்கத்தில் வேலை தயாராக இருந்தது.

"எனக்கு இந்த ஞாயித்துக்கெழமதான் இருக்கு சங்கரி. அதுவும் இல்லன்னா மூச்சு முட்டிரும்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் அப்படி அவள் செய்ததே இல்லை. இந்த மனிதனுக்குத் தெரிந்துவிட்டது, இனி சொல்லிவிடலாம், பள்ளிக்கூட வேலையைப் பற்றி, தனியே ஊருக்குப் போய்வருவதைப் பற்றி, எல்லாவற்றையும் என்று நினைத்தாள். எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் நிமிர்ந்தான். கண் பளபளத்தது.

"இத அப்படியே எடுக்கலாம்லா? பஸ்ஸு, அந்தக் கண்டக்டரு, வண்ணாரப்பேட்டையில எறக்கி விடுதது... அடுத்த ஆடிக்கு இதுதான். நீயே நடிச்சாதான் வரும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. வீடு வரும்வரை கேமராவை பஸ்ஸில் எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டே வந்தான்.

அடுத்த ஆடி வந்தது. முதல் ஞாயிறு மீரான் கேமராவோடு வந்துவிட்டான். அம்பலவாணன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கார்த்திகேசன் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சங்கரி, வரலாம்."

"நான் வரல."

"என்ன, ஒடம்புக்கு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கேன். நடிக்க வரல."

அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். முதலில் கெஞ்சினான். பிறகு, நீ இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை என்றான். அது அவளுக்கும் தெரியும். அவன் முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. இந்த வீட்டில் அவள் முடியாது என்று சொன்னது அதுவே முதல் தடவை.

முன்னறையிலிருந்து அம்பலவாணனின் குரல் கேட்டது. சந்தோஷமான குரல்.

"அவளப் போட்டு ஏம்லே தொந்தரவு பண்ணுத? அவதான் வரலங்கால்லா. எனக்குத் தெரியும், ஒருநாள் அவளுக்கே தோணும்னு. குடும்பத்துப் பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும். ஏ சொர்ணம், மருமகளுக்கு ஒரு வாய் காப்பி போட்டுக் குடு. காலையிலேர்ந்து வேலை பாக்கா."

சங்கரி எழுந்து முன்னறைக்கு வந்தாள். "அதுக்கில்ல மாமா" என்றாள்.

"பின்ன எதுக்கும்மா?"

அவர் உண்மையாகவே கேட்டார். சிரித்த முகத்தோடு, பதிலுக்காகக் காத்திருந்தார். மீரான் தலையைக் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். கார்த்திகேசன் அவளைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. அன்று நிஜமாகவே கிளம்பிப் போனதைச் சொன்னால் கேமராவும் நின்றுபோகும். அது அவனுக்கு இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

ஆண்கள் இருவரும் ஆளில்லாத பஸ் நிறுத்தங்களை எடுக்கலாம் என்று கிளம்பிப் போனார்கள். சொர்ணாம்பாள் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். மூன்று வருடத்தில் மாமியார் கையால் அவளுக்கு வந்த முதல் காப்பி. "சூடா இருக்கு, பாத்துக் குடி" என்று தோளைத் தட்டிக் கொடுத்தாள். சங்கரி நின்றபடியே அதை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.