நிஜத் தொலைவு

செவ்வாய்க்கிழமை எல்.கே.ஜி.க்கு ‘அருகில் – தொலைவில்’ பாடம். பிரிஸ்கில்லா டீச்சர் காலையிலேயே உபகரண அறைக்குப் போனாள். அறைப் பொறுப்பாளர் மாசானம் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“படமா, பொம்மையா, நிஜமா?”

போன வருஷம் படம் வாங்கினாள். பிள்ளைகள் அட்டையில் இருந்த மலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில்தான் இருக்கிறது என்றார்கள். அவளால் மறுக்க முடியவில்லை. இந்தத் தடவை நிஜம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நிஜத் தொலைவைப் பாய் மாதிரி சுருட்டிச் சணலால் கட்டியிருந்தார்கள். வராந்தாவில் விரித்தாள். ரபியத்தை மறுமுனையில் போய் நிற்கச் சொன்னாள். நாலு வயசுப் பிள்ளை, சொன்ன பேச்சு கேட்பாள். பத்து எட்டில் கட்டைவிரல் உயரமானாள். இருபது எட்டில் உளுந்து அளவு.

“ரபியத் எங்கே?”

“தொலைவில்.”

மீதி முப்பது பேரும் சரியாகச் சொன்னார்கள். பதினோரு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

திரும்பி வரச் சொன்னாள். ரபியத் நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். உளுந்து உளுந்தாகவே இருந்தது. டீச்சர் பாயைச் சுருட்டப் பார்த்தாள். மேலே பிள்ளை இருந்ததால் அசையவில்லை. மூன்றரைக்கு ரபியத்தின் அம்மா வந்துவிடுவாள். டீச்சர் மாசானத்திடம் ஓடினாள். எல்லாப் பிள்ளையும் பதில் சொன்னால்தான் பாடம் முடியும், ரபியத் இன்னும் சொல்லவில்லையே என்றார் அவர்.

யார் அருகில், யார் தொலைவில் என்று பாயின் விளிம்பில் நின்று கத்திக் கேட்டாள். பதில் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மற்ற பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தார்கள். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நின்றாள்.

“நான் இங்கதான் இருக்கேன் டீச்சர். நீங்கதான் தூரத்துல.”

மாசானம் வந்து, பாயோடு கொடுத்திருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார். அதில் ‘ரபியத் – தொலைவில்’ என்று அச்சடித்திருந்தது.

“தப்புன்னு போட்டா பிள்ளை அங்கேயே நிக்கணும்,” என்றார்.

“சரின்னு போடுங்க.”

“சரின்னா நீங்கதான் தூரத்துல இருக்கணும்.”

“தெரியுது சார். போடுங்க.”

போட்டார். ரபியத் வகுப்பு வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். பிரிஸ்கில்லா மறுமுனையில் நின்றாள். பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவு தெரிந்தது. வாசலில் மாசானம் பிள்ளைகளிடம் ஏதோ கேட்பதுபோல் இருந்தது. அவள் நடக்கத் தொடங்கினாள்.

ரொம்ப நேரம் கழித்துப் பதில் அவளை வந்தடைந்தது.

“தொலைவில்.”

நடந்தபடியே குரல்களை எண்ணினாள். முப்பத்தொன்று. ஒரு பிள்ளைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. எட்டி நடை போட்டாள்.