இரண்டு நாள் மந்திரிசபை

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மகளிடமிருந்து வீடியோ போன் வந்தால், கங்கையம்மாளுக்கு மூன்றே நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். சாப்ட்டியா, குளிருதா, முடி ஏன் இப்படிக் கொட்டிப்போயிருக்குது. அவ்வளவுதான். போனைப் புருஷனிடம் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தோணி கட்டிலில் சாய்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வருவார்.

"அந்தக் கவர்மெண்டு இன்னா ஆச்சு?"

ஷாரோன் ஒரே மகள். ஹாலந்துக்கு ஆராய்ச்சி செய்யப் போய் நாலு வருஷம். ஊர் உலகத்தில் எவ்வளவோ இருக்க, அவள் பிடித்துக்கொண்டது இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால், முப்பத்தொன்பதில், அந்த நாட்டில் இருந்த ஒரு மந்திரிசபையை. போதுமான ஆள் பலம் இல்லாமல் சின்னச் சின்னக் கட்சிகள் சேர்ந்து உட்கார்ந்தது. பதவியேற்ற இரண்டாம் நாளே சபையில் கவிழ்ந்துவிட்டது. "ரெண்டு நாள் இருந்ததுக்கு நாலு வருஷம் படிப்பா? இதுக்கு எவன் சோறு போடறான்?" என்றுதான் அந்தோணி முதலில் கேட்டார். ஏனாத்தூர் ரோட்டில் முப்பது வருஷமாகப் பஞ்சர் கடை. ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைக் கண்ணால் பார்த்தால்தான் ஓட்டை என்று ஒத்துக்கொள்வார். வண்டிக்காரன் பேச்சையெல்லாம் நம்பமாட்டார்.

போன வருஷம் ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "எப்ப வர்ற? இல்ல, அங்கயே இருந்துடப் போறியா?" என்று கேட்டுவிட்டார். ஷாரோன் போனை வைத்துவிட்டாள். அதன்பின் ஐந்து ஞாயிறு மணியே அடிக்கவில்லை. கங்கையம்மாளும் அவரோடு பேசவில்லை. ஆறாவது ஞாயிறு போன் வந்தபோது எதைக் கேட்பது என்று தெரியாமல் அந்த மந்திரிசபையைப் பற்றிக் கேட்டார். அவள் நாற்பது நிமிடம் பேசினாள். பாதி புரியவில்லை. ஆனால் நடுவில் சின்ன வயசில் சிரிப்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து வாரா வாரம் ஒரு கேள்வி தயார் செய்வார். பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் ஷரீஃப் பாய்க்கு அரசியல் அத்துப்படி. "மெஜாரிட்டி இல்லாதவன எவன் உக்கார வெச்சான்னு கேளு அந்தோணி. அந்த நாட்டு ராணியா? அந்தம்மாவுக்கு இன்னா லாபம்?" என்று எடுத்துக்கொடுப்பார். ஒரு பதவியேற்பை ஆறு வாரம் இழுத்தார்கள் இரண்டு பேரும்.

அந்தோணிக்கு உள்ளுக்குள் ஒரு அவஸ்தை. அவள் எழுதுவதில் அந்த ஆட்சி கவிழ்ந்தால் படிப்பு முடியும், பெண் வீட்டுக்கு வரலாம். கவிழ்ந்துவிட்டால் கேட்க ஒன்றும் இருக்காது.

இன்று ஷாரோன் சொன்னாள்: "கவுத்துட்டாங்கப்பா. நானும் கடைசி அத்தியாயத்த எழுதிக் குடுத்துட்டேன்."

"எவன் கவுத்தது?"

"கத்தோலிக்கக் கட்சிதான் தீர்மானம் கொண்டாந்துச்சி."

"நம்ம ஆளுங்களா!" அந்தோணிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "செய்வானுங்க. பூசையில மொத பெஞ்சுல உக்காருவானே, அந்த மாதிரி ஆளுங்கதான் செய்வானுங்க."

ஷாரோன் சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் அடுத்ததைக் கேட்டாக வேண்டும்.

"தோத்த அன்னிக்கே அந்தப் பிரதம மந்திரி வூட்டுக்குப் போய்ட்டாரா?"

"இல்லப்பா. புது ஆளு வர்ற வரைக்கும் அவரே பாத்துக்கணும். ரெண்டு வாரம் இருந்தாரு. பெருசா முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. அன்னன்னிக்கு வேலைய மட்டும் பாக்கலாம்."

"அதிகாரம் இல்லாம சும்மா உக்காந்துக்கினு இருந்தாரா?"

"ஆமா."

"பாவம்," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து வெகு நாளாயிற்று. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்பா, நீ கேக்க நெனைக்கறது இது இல்லதான?"

அந்தோணிக்குக் காது சுட்டது. போனைக் கை மாற்றிப் பிடித்தார்.

"இங்க மூணு வருஷம் வேல தர்றேன்றாங்கப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

வந்துடும்மா என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் ஐந்து ஞாயிறு போகும். இல்லாவிட்டால் அவள் நிஜமாகவே வந்துவிடுவாள். வந்து ஏதாவது ஒரு காலேஜில் அரைச் சம்பளத்துக்கு நின்றுகொண்டு, வாயைப் பொத்திச் சிரிக்காமல் இருப்பாள். இரண்டில் எது அதிகமாகப் பயமாக இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்த சபை அங்கதான இருக்குது? காட்டு. கண்ணால பாக்காம நான் எதையும் நம்பமாட்டேன்."

"பத்து நிமிஷம் நடக்கணும்பா. ரிப்பேர் வேல நடக்குது, சாரம் கட்டி மூடி வெச்சிருக்காங்க."

"நட. வெச்சிடாத."

ஷாரோன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். படம் குலுங்கியது. ஈரத் தெரு, சைக்கிள்கள், அவள் வாயிலிருந்து புகையாக வரும் மூச்சு. கங்கையம்மாள் ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அகலமான ஒரு குளம், அதற்கு அந்தக் கரையில் இரும்புச் சாரங்கள், இரண்டு கிரேன்.

"தெரியுதாப்பா? இரு, கையொற போட்டுக்கறேன்," என்று அவள் போனை எதன்மீதோ மல்லாக்க வைத்தாள்.

திரை முழுக்க வெளுத்த வானம். எங்கேயோ மணி அடித்தது. வெள்ளைப் பறவை ஒன்று குறுக்கே போய் மறைந்தது. கங்கையம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அந்தோணி கையை உயர்த்தி நிறுத்தினார். ஷாரோனின் காலடிச் சத்தம் கல்தரையில் இரண்டடி தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டைவிரல் போனைத் துண்டிக்கும் அந்தச் சிவப்புப் பொத்தானில் பட்டுவிடாமல், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.