ஒரு சாண் இடம்

சாரத்தின் மேல்தட்டில் முட்டி போட்டு, சுவரில் வரைந்த பேதுருவின் தாடிக்குக் கடைசி வெள்ளையைத் தொட்டுக்கொண்டிருந்தான் ஒகெல்லோ. கீழே கொத்தனாரின் கையாள் சுகிர்தபாய் வாளி கழுவினாள். காரோடு ஊர்க் கிறிஸ்தவ சபையின் கிழக்குச் சுவரில் நாற்பது நாள் வேலை அன்றோடு முடிந்தது.

உகாண்டாவில், குலு சந்தையில், கடைப் பலகை எழுதிப் பிழைத்தவன் அவன். திருவனந்தபுரத்துக்கு ஓவியம் படிக்க வந்தான். இப்போது சபைச் செயலாளர் சிபியின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறான். ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்கு இந்தச் சுவரின் படத்தை நாளைக்குள் அனுப்ப வேண்டும். கையெழுத்து இல்லாத ஓவியத்தை அங்கே எடுக்க மாட்டார்கள். குலுவில் பலகை காய்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவது வழக்கம். அதற்காக அடியில் ஒரு சாண் இடம் விட்டிருந்தான்.

மத்தியானம் சிபி வந்தான். சுவரை விட்டுவிட்டு அந்த இடத்தைத்தான் பார்த்தான்.

"நல்லா இடம் விட்டிருக்கியே. பெயிண்ட் தந்த விஜயதாஸ் சாருக்க பேரை எழுது."

"அது எனக்க பேரு எழுத ஆக்கும், அண்ணே."

"ஒனக்கு கூலி தந்தாச்சுல்லா? ஆப்பிரிக்காக்காரனுக்க பேரை நோக்கியா நாங்க ஜெபம் பண்ணணும்?"

சுகிர்தபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளியை நங்கென்று வைத்தாள்.

"எலே சிபி, ஒனக்கு வெக்கம் உண்டா? டப்பா வாங்கித் தந்தவனுக்கு பேரு. நாப்பது நாளு முட்டி தேஞ்சவனுக்கு ஒரு சாண் இடம் இல்லியா?"

"மாமி, ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை. சார் துபாயில இருந்து வாறாரு." சிபி ஒகெல்லோவிடம் திரும்பினான். "நீ எனக்க வீட்டுல இருக்கேன்னு ஒனக்க விசாவுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்பு போட்டது நானாக்கும். மறந்திராத."

"ஓரத்துல, சின்னதா..."

"ஒண்ணும் வேண்டாம்."

ஒகெல்லோ தூரிகையைக் கழுவினான். விஜயதாஸின் பெயரைத் தமிழில், மலையாளத்தில், ஆங்கிலத்தில் எழுதினான். குலு கடைக்காரர்களுக்குப் பிடித்த அதே கொழுத்த எழுத்து. ஆத்திரத்திலும் ஒரு கோடு பிசகவில்லை.

படம் எடுக்க சுகிர்தபாய் அவன் போனைப் பிடுங்கினாள். "முன்ன நில்லு மக்கா. நீ வரஞ்சதுன்னு ஜெர்மனிக்காரனுவளுக்குத் தெரியட்டு."

அவன் நின்றான்.

"தள்ளி நில்லு," என்றான் சிபி. "சாருக்க பேரு மறையுது."

போனில் படம் பதிந்தது. பேதுரு இருந்தார், வலை இருந்தது. அடியில் விஜயதாஸ் மூன்று மொழியில் இருந்தார். ஓரத்தில், பெயிண்ட் தெறித்த ஒரு தோள் பாதி தெரிந்தது.