கரண்டு பத்தாத கணினிகள்

காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் கொழுந்து பறிக்க மலையேறிவிட்டால் அந்த லயத்து வீட்டு வரிசையில் மிஞ்சுவது ரொஷானியும் நாலைந்து கோழிகளும்தான். லுணுகலைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் நடந்து ஏற வேண்டிய தேயிலைத் தோட்டம் அது. வாசல் திண்ணையான இஸ்தோப்பைக் கூட்டிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்து, அம்மாவின் பழைய தையல் மெசின் மேசையில் மடிகணினியைத் திறப்பாள். கொழும்பிலுள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே, இன்னும் உறுதியாகாத வேலை. சிங்கள அறிவித்தல்களைத் தமிழாக்க வேண்டும். சின்னத் திரையின் ஒரு பாதியில் சிங்களம், மறுபாதியில் தமிழ். இரண்டும் நசுங்கிக் கிடக்கும்.

அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பி வந்த முதல் ஆள் அவள்தான். வந்த அன்று கழுத்தில் மாலை போட்டார்கள். மறுநாளிலிருந்து அவளோடு என்ன பேசுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பீலியடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் குரலை இறக்கிக்கொள்வார்கள். கூடப் படித்தவர்கள் கொழும்பில் துணிக்கடைகளிலும், மொனராகலைப் பக்கம் தையல் தொழிற்சாலையிலும் நிற்கிறார்கள். அப்பா கொஸ்லந்தையில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். அம்மா ஜெபமலர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். அம்மா போனபோது ரொஷானிக்குச் சட்டைக்குப் பொத்தான் போடத்தான் தெரிந்திருந்தது. சோறு வடிக்கத் தெரியாது.

மாலையில் நிறுவனத்தின் கூட்டம் திரையில் நடக்கும். மேற்பார்வையாளர் ஷஹீலா 'சரி, நாளைக்குப் பாப்பம்' என்றதும் முகங்கள் ஒவ்வொன்றாய் அணையும். கடைசியில் ரொஷானியின் முகம் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். அதை அணைக்க அவள் ஏனோ கொஞ்சம் தாமதிப்பாள்.

அந்த வாரம் ஷஹீலா தனியாக அழைத்தாள். ஒரு மருந்து அறிவித்தலில், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரி முழுசாகவே விட்டுப்போயிருந்தது. மேலும் கீழும் உருட்டிப் பார்த்து வேலை செய்வதில் கண் தவறியிருந்தது. ஷஹீலா கத்தவில்லை. இங்கே எல்லாரும் இரண்டு திரை வைத்துத்தான் செய்கிறார்கள் என்றும், இன்னொரு தவறு வந்தால் வேலையை உறுதிப்படுத்தச் சொல்லித் தன்னால் பேச முடியாதென்றும் மட்டும் சொன்னாள்.

அந்த வேலை உறுதியாவதில்தான் அம்மாவின் வருகை தொங்கிக்கொண்டிருந்தது. குவைத்தில் ஒப்பந்தம் முடிகிற நேரம். புதிதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டு மேடம் நெருக்குகிறாள். போட்டால் இன்னும் இரண்டு வருசம். "ஒனக்கு வேல நெலச்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு மக, நான் பெட்டியக் கட்டிர்றேன்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதுத் திரை வாங்க வழியில்லை. ஆனால் தோட்டத்து வாசிகசாலையில் ஐந்து திரைகள் சும்மா கிடந்தன.

போன வருசம் கொழும்பிலிருந்து ஓர் அறக்கட்டளை கொண்டுவந்து கொடுத்த கணினிகள் அவை. திரையும் கணினியும் ஒரே உடம்பாக இருக்கிற வகை. ரிப்பன் வெட்டி, படம் பிடித்து, கேக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு சுவிட்சைப் போட்டால், மூன்று தரம் பீப் என்று கத்திவிட்டுத் திரை கறுப்பாகவே கிடந்தது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் யேசுரத்தினம் யோசித்துவிட்டுச் சொன்ன காரணத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். கொழும்புக் கரண்டு வேறு, தோட்டத்துக் கரண்டு வேறு. நம் கரண்டு இதற்குப் பத்தாது. அதோடு நம் பிள்ளைகளுக்கு இதைக் கையாளவும் தெரியாது. தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது. தாய்மார் சேர்ந்து திரைச்சீலைத் துணியில் உறை தைத்துப் போட்டார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். சாவி யேசுரத்தினத்தின் இடுப்பில் தொங்கியது.

ரொஷானி போய்க் கேட்டதும் அவர் முதலில் முடியாதென்றார். தானமாய் வந்த பொருளைத் தனியாளுக்குக் கொடுத்தால் நாளைக்குக் கேள்வி வரும் என்றார். வேலை செய்யாத பொருள்தானே மாமா என்று அவள் சொன்னபோது முகம் சுருங்கியது.

"வேல செய்யாத பொருள் இல்ல புள்ள. நம்மகிட்ட வந்து வேல செய்யாம நிக்கிது. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு."

ஆனாலும் ஜெபமலர் இல்லாத வீட்டில் இந்தப் பிள்ளை தனியே கிடப்பது அவருக்குத் தெரியும். கொழும்பு ஆட்கள் வந்தால் உடனே திருப்பி வைக்க வேண்டும் என்ற பேச்சோடு கடைசி வரிசையில் இருந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதன் பக்கவாட்டில் கேபிள் செருகுகிற ஒரு துளை இருந்தது. மடிகணினியிலும் அதே துளை. இரண்டையும் இணைத்தால் தீர்ந்தது என்று நினைத்து பதுளை டவுனில் கேபிள் வாங்கி வந்து செருகினாள். ஒன்றும் வரவில்லை. கேபிள்தான் பழுதென்று மறுபடி பஸ் ஏறிப் போய் கடைக்காரர் றில்வானிடம் சண்டை பிடித்தாள். அவர் அவளது போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கேபிள்ள ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. இந்த ஓட்ட வெளிய அனுப்புறதுக்கு மட்டுந்தான். உள்ளுக்கு ஒண்டும் எடுக்காது."

எங்கள் தோட்டத்தைப் போலத்தான் என்று ரொஷானி நினைத்துக்கொண்டாள். ஆள் வெளியே போக மட்டும் வழி.

பிறகு இணையத்தில் தேடிப் பார்த்து வழியைக் கண்டுபிடித்தாள். உள்ளே இருக்கிற கணினியை விட்டுவிட்டு, திரைக்கு மட்டும் தனியாக ஒரு சிறு போர்டைப் பொருத்தினால் போதும். அது எந்த மடிகணினிக்கும் இரண்டாவது திரையாகிவிடும். எந்தப் போர்ட் என்பது உள்ளே திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். திருகாணிகளைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் வெறும் குழியாக இருந்தது. மெமரி செருகுகிற இடமும் காலி. கீறல் இல்லாமல் சுத்தமாகக் கழற்றி எடுத்திருந்தார்கள். கரண்டு பத்தாமல் இல்லை. அதற்கு மூளையே இல்லை. மூளையைக் கழற்றிக்கொண்டுதான் ரிப்பன் கட்டியிருக்கிறார்கள்.

றில்வான் எடுப்பித்துக் கொடுத்த போர்டைப் பொருத்தி, அதே லயத்துக் கரண்டில் சுவிட்சைப் போட்டாள். திரை விழித்தது. வலது பக்கம் அகலமாய், வெளிச்சமாய், பழுதில்லாமல். சிங்களத்தை அங்கே வைத்தாள். தமிழை இங்கே வைத்தாள். அன்று ஒரு வரிகூடத் தவறவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டு வாசிகசாலைக்குப் போய் மற்ற நான்கின் முதுகையும் திறந்து பார்த்துவிட்டு யேசுரத்தினத்திடம் சொன்னாள். அவர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, இதை வெளியே விடாதே என்றார். அடுத்த முறை லயத்துக் கூரைக்குத் தகரம் தருவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். மனம் கோணினால் அதுவும் போய்விடும். ரொஷானிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் திரையைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயமும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கொழும்பு ஆட்கள் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். ஒன்றாவது எரியட்டும் என்று யேசுரத்தினம் கெஞ்சியதால், ரொஷானி திரையையும் மடிகணினியையும் கொண்டுபோய்ப் பொருத்தி வைத்திருந்தாள். மடிகணினி மேசைக்குக் கீழே, துணிக்குப் பின்னால். பார்த்தால் அந்தக் கணினியே ஓடுவதுபோல் இருக்கும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள்.

அறக்கட்டளைத் தலைவர் நல்ல தமிழ் பேசுகிற, சுத்தமாக உடுத்திய மனிதர். எரிகிற திரையைக் கண்டதும் மலர்ந்துபோனார். ரொஷானி பட்டதாரி என்று யாரோ சொன்னார்கள். அவர் அவளைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கை வைத்து, கேமராக்காரரைக் கூப்பிட்டார். நாங்கள் கொடுத்த கணினியில் படித்து இந்தப் பிள்ளை பட்டம் பெற்றிருக்கிறாள் என்று எழுதச் சொன்னார். கணினிகள் வருவதற்கு முந்திய வருசமே அவள் பட்டம் வாங்கியிருந்தாள். பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் இரவல் வாங்கிய புத்தகத்தில் படித்து, குவைத்தில் அம்மா தரை துடைத்து வாங்கிய பட்டம் அது. அதற்கும் ரொஷானி வாயைத் திறக்கவில்லை. கூரைத் தகரம் கண்ணுக்குள் நின்றது. மழை பெய்தால் எந்தெந்த வீட்டுக் காம்பராவில் ஒழுக்குக்குச் சட்டி வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மற்றவை ஏன் எரியவில்லை என்று அவர் கேட்டார். யேசுரத்தினம் குனிந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டார்.

"எங்க கரண்டு பத்தலைங்க ஐயா. புள்ளைகளுக்கும் அவ்வளவு வெவரம் பத்தாது. எங்க மேலதான் குத்தம்."

"பரவாயில்ல. மெதுவாப் பழகட்டும். ஒரே நாள்ல வராது."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வரிசையில் நின்ற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தக் குனிவை ரொஷானியால் தாங்க முடியவில்லை. கையைப் பின்னால் விட்டுக் கேபிளைப் பிடுங்கினாள். திரை இருண்டது. துணியை விலக்கி மடிகணினியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இப்ப எடுங்க போட்டோவ. ஓடுனது என்னோட கம்பியூட்டரு. ஒங்களோடது வெறும் கண்ணாடி. மத்த நாலையும் பின்னால கழட்டிப் பாருங்க, உள்ள ஒண்ணும் இருக்காது."

அவர் தடுமாறவில்லை. அலுவலகங்கள் பழைய கணினியைக் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடுவது வழக்கம்தான், தகவல் பாதுகாப்புக்காக என்று விளக்கினார்.

"மெமரியும் பாதுகாப்புக்கா?"

அவர் கேமராக்காரரைக் கிளம்பச் சொல்லிச் சைகை காட்டினார்.

"கழட்டுனது தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சுக்கிட்டே, மெதுவாப் பழகட்டும்னு சொல்றீங்க. இந்தப் புள்ளைக ஒரு வருசமா தங்களுக்கு மூள இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுக."

படம் எடுக்காமலே அவர்கள் வாகனத்தில் ஏறி மலை இறங்கிப் போனார்கள். கேக் பெட்டிகள் திறக்கப்படாமல் கிடந்தன. கூரைத் தகரம் போச்சு என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். யேசுரத்தினம் ரொஷானியைப் பார்க்காமல் கதவைப் பூட்டினார். ஆனால் அவள் திரையைத் தூக்கிக்கொண்டு போனபோது தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பீலியடியில் குரலை இறக்கிக்கொண்டவர்கள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அவள் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மழை பெய்தது. பக்கத்துக் காம்பராவில் சட்டியில் நீர் சொட்டுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. தான் செய்தது சரிதான் என்று ரொஷானிக்குத் தெரியும். சரியைச் செய்துவிட்டு ஒரு ஆள்கூடப் பேச இல்லாமல் இருப்பது எவ்வளவு பாரம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு திரையின் வெளிச்சத்தில் உட்கார்ந்து வரி வரியாய் மொழிபெயர்த்தாள். தவறு எதுவும் வரவில்லை. வேலை உறுதியான செய்தியை ஷஹீலா அனுப்பியபோது அதை ஓடிப் போய்ச் சொல்ல அந்த லயத்தில் ஒரு வாசலும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மாவின் அழைப்பைப் பெரிய திரையில் போட்டாள். இத்தனை வருசம் உள்ளங்கை அளவில் பார்த்த முகம் மேசை அகலத்துக்கு வந்தது. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு இருந்ததை ரொஷானி அன்றுதான் கண்டாள். வேலை நிலைத்துவிட்டதென்று சொன்னாள். நடந்ததையும் சொன்னாள். அம்மா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"இங்க மேடம் கிழிஞ்ச துணி குடுத்தாலும் தேங்ஸ் மேடம்னுதான் சொல்லிப் பழகிருச்சு மக. நாளைக்கி அந்தப் பேப்பர நீட்டுனா, வேணாம் மேடம்னு சொல்லிர்றேன்."

வாசலில் செருமல் கேட்டது. யேசுரத்தினம் இஸ்தோப்பில் நனைந்துபோய் நின்றார். உள்ளே வரச் சொன்னாள். வந்து, திரையையும் அதிலிருந்த ஜெபமலரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே தொங்கிய பல்பைப் பார்த்தார்.

"இதே கரண்டுதானா புள்ள?"

"இதே கரண்டுதான் மாமா. எப்பவும் பத்துச்சு."

அவர் இடுப்பிலிருந்து வாசிகசாலைச் சாவியை எடுத்துத் தையல் மெசின் மேசைமேல் வைத்தார். மற்ற நான்கையும் இதேபோலத் திரையாக்கினால், இருக்கிற போனையும் மடிகணினியையும் பொருத்திப் பிள்ளைகள் பாடம் பார்க்கலாமா என்று கேட்டார். போர்டு வாங்கத் தொழிற்சங்கச் சந்தாப் பணத்தைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். உறைகளை ஏற்கெனவே கழற்றிவிட்டாராம். சொல்லிவிட்டுக் கிளம்பியவர் வாசற்படியில் நின்றார்.

"பழுத குடுத்தது அவங்க குத்தம். அது வேல செய்யலன்னதும் நம்மளையே பழுதுன்னு நெனச்சு, நம்ம புள்ளைகளையும் நெனைக்க வச்சமே, அது என் குத்தம். இனிமே யார் என்ன குடுத்தாலும், கையக் கட்டி தேங்ஸ் சொல்றதுக்கு முந்தி சுவிட்சப் போட்டுப் பாப்போம் புள்ள."