மஞ்சள் தண்ணீர் போன வழி

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு தேடுவது பெண் பார்க்கும் படலத்தைவிட மோசம். ஒன்பது மாதம் அலைந்த பிறகு, ரேகன்ஸ்பூர்க்கில் எழுநூறு வயதான ஒரு கல்வீட்டின் முதல் மாடி எங்களுக்குக் கிடைத்தது. சுவர் ஒவ்வொன்றும் என் கை நீளத்தைவிடத் தடிமன். வடகிழக்கு மூலையில் ஒரு மாடம். அதன் அடியில் கிண்ணம்போல் குடைந்த கல், நடுவே ஒரு துளை. நான் வேறென்ன செய்வேன்? பிள்ளையாரை உட்கார வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றினேன்.

மூன்றாம் மாதம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. நிலவறையில் ஈரமாம், புளித்த நாற்றமாம். பழங்கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். தப்பு எங்களுடையது என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"லலிதா, நீ வாயே திறக்காத," என்றான் என் கணவன் அஷ்வின். "செடிக்குத் தண்ணி ஊத்தினோம்னு சொல்லி நான் மேனேஜ் பண்ணிக்கிறேன்."

வந்தவர் ஹார்ட்மன் என்ற அம்மாள். மாடத்துக்குள் தலையையே விட்டுப் பார்த்தார். அஷ்வின் செடிக் கதையை ஆரம்பித்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"பால். வாராவாரம் ஒரு டம்ளர்," என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணை விரித்து, "அது தெருப்பக்கம் போகவில்லையா?" என்றார். மாடம் அந்தக் காலத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியாம். கழுவிய நீர் தெருவில் விழும் என்றுதான் இத்தனை வருடமாக எழுதி வைத்திருக்கிறார்களாம். தக்க ஆதாரமில்லாமல் சுவரைத் துளைத்துப் பார்க்க அனுமதி கிடையாதாம்.

"அப்போ இன்னொரு வாட்டி ஊத்திப் பார்த்துடலாமே," என்றேன்.

பிள்ளையாரை நகர்த்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றினேன். மூவரும் நிலவறைக்கு ஓடினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு செங்கல் சுவரின் அடியில் மஞ்சள் கசிந்தது. மற்ற சுவரெல்லாம் கல். இது மட்டும் யாரோ பிற்காலத்தில் வைத்து அடைத்தது. பின்னால் ஒரு கழிவுக்குழி இருக்க வேண்டும் என்றார் அவர். உடைந்த கோப்பை, கரண்டி, பழக்கொட்டை என்று அந்த வீட்டார் எறிந்ததெல்லாம் உள்ளே கிடக்கலாம். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் வெட்கமில்லாமல் குதித்தேன்.

இரண்டு வாரத்தில் அடுத்த கடிதம். எங்கள்மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சுவரைத் திறந்து ஆராயப் போகிறார்கள். அப்போது மேலே ஆள் இருக்கக் கூடாது. மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

"செடின்னே சொல்லியிருக்கலாம்," என்றான் அஷ்வின்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி ஒன்பது மாதமா? மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹார்ட்மன் அம்மாளுக்குப் போன் போட்டேன்.

"காலி பண்ணிடறோம். ஆனா சுவரை உடைக்கிற அன்னிக்கு என்னைக் கூப்பிடணும். நான் வராம ஒரு செங்கல்கூட எடுக்கக் கூடாது."