வாளிக்குப் போன ரேடியோ

பாண்டிச்செல்வி கண்மாயில் துணி துவைத்துவிட்டு வந்தபோது வாசலில் ஒரு பச்சை வாளி இருந்தது. புது வாளி. உள்ளே அலமாரியின் மேல்தட்டில் தூசி படியாத இடம் சதுரமாகத் தெரிந்தது.

"ரேடியோ எங்க?"

"பழைய இரும்புக்காரர்ட்ட போட்டுட்டேன். கொர்ருனு இரைஞ்சுக்கிட்டே கெடந்துச்சு" என்றான் அவள் கணவன் மாரிக்கண்ணன். "இந்தா, உனக்கு செல்போன் வாங்கிருக்கேன். இதுலயே ரேடியோ இருக்கு."

அவள் போனை வாங்கிக்கொண்டாள். அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அது அவள் அப்பாவின் ரேடியோ. அப்பா பிறர் காட்டில் கூலிக்குப் போனவர். ஆனாலும் விருதுநகர் மார்க்கெட்டில் மிளகாய் வத்தல் என்ன விலை, பாசிப்பயறு என்ன விலை என்று தினமும் ரேடியோவில் கேட்பார். விற்பதற்கு அவரிடம் ஒரு வத்தல்கூடக் கிடையாது. விலை ஏறினால் சந்தோஷப்படுவார். இறங்கினால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

பாண்டிச்செல்வி சிறுமியாக இருந்தபோது பாட்டுக் கேட்டு நேயர் விருப்பத்துக்குக் கார்டு போடுவாள். பாட்டு வருமா வராதா என்பது பெரிதில்லை. பேரைப் படிக்க வேண்டும். ஒரு முறை படித்தார்கள். நீண்ட வரிசையில் யார் யாரோ பேருக்கு நடுவில், அச்சங்குளம் பாண்டிச்செல்வி. தெருவே கேட்டது. அப்பா ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த ரேடியோவில் எஃப்எம் என்று ஒரு பட்டையும் இருந்தது. அப்பா இருந்தவரை அதில் வெறும் இரைச்சல்தான். "என்னைக்காச்சும் வரும்" என்று அவ்வப்போது முள்ளை அங்கே நகர்த்திப் பார்ப்பார். அவர் போன பிறகுதான் வந்தது. இடையிடையே இரைந்தாலும் காலை முதல் அதில் பாட்டு, பேச்சு, சிரிப்பு.

அந்த ரேடியோ வாளியாகிவிட்டது. வாளியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வீட்டில் பேச்சு கோழி வழியாக நடந்தது. "ஏ கோழி, சோறு மூடி வச்சிருக்கு" என்பாள் அவள். "ஏ கோழி, எனக்கு சாத்தூர் லோடு இருக்கு, வர நேரமாகும்" என்பான் அவன். கோழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

முதலில் அலுத்துப்போனது அவளுக்குத்தான். மாரிக்கண்ணன் சிவகாசி அச்சாபீஸ்களில் இருந்து லேபிள் ஏற்றிப் போகும் லோடு வண்டி ஓட்டுகிறவன். சாயந்தரம் வந்தால் வாய் ஓயாது. எந்த முதலாளி யாரைத் திட்டினார், எந்த டிரைவர் எந்தக் கடையில் கடன் சொன்னான் என்று ஒவ்வொருவர் குரலிலும் பேசிக்காட்டுவான். அது இல்லாமல் வீடு உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. அவன் பேச வேண்டும். ஆனால் அவள் முதலில் பேசக்கூடாது.

அப்போதுதான் எஃப்எம் நினைவுக்கு வந்தது. மத்தியானம் ஒரு நிகழ்ச்சி வரும். போன் போட்டு யாருக்காகப் பாட்டு என்று சொன்னால் போடுவார்கள். மாரிக்கண்ணன் வண்டியில் அதைத் தவறாமல் கேட்பான். ரேடியோவில் சொன்னால் அது அவனோடு பேசியதாக ஆகாது. பாட்டுக் கேட்டதாகத்தான் ஆகும்.

"உன் வீட்டுக்காரர் பேரக் கேப்பாகளே, வாய்விட்டுச் சொல்லுவியா?" என்றாள் குருவம்மாள். பட்டாசுக் கம்பெனியில் இருவரும் ஒரே அறையில் வெடிச்சரம் பின்னுகிறவர்கள்.

"வண்டி நம்பரச் சொல்லுவேன் மதினி."

"நல்லா இருக்கு. போலீஸ்காரக தேடுற மாதிரி."

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு பெண் எடுத்து, நம்பரைக் குறித்துக்கொண்டு, நாங்களே கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டாள். அதற்குள் வேலை மணி அடித்துவிட்டது.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகக்கூடாது. தீப்பெட்டி, பீடி, போன் எல்லாம் கேட்டில் வாட்ச்மேன் சங்கிலிமுத்துவின் ஓலைப்பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த ரேடியோ. முன்வரிசை அறைகளுக்குக் கேட்கும்படி சத்தமாக வைத்திருப்பார்.

"தாத்தா, போன் வந்தா என்னையக் கூப்புடுங்க" என்றாள்.

"நீ போ தாயி. நான் பாத்துக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் சங்கிலிமுத்துவின் குரல் இரண்டாகக் கேட்டது. ஒன்று கேட்டில் இருந்து வந்தது. இன்னொன்று ரேடியோவில் இருந்து.

"நான் வாட்ச்மேன் பேசுறேன்."

"வாட்ச்மேன் சார், வணக்கம். உங்க ரேடியோ சத்தத்தக் கொஞ்சம் குறைங்க சார், இரையுது."

"குறைச்சா உள்ள பிள்ளைகளுக்குக் கேக்காதும்மா."

பாண்டிச்செல்வியின் விரல்கள் சரத்தில் நின்றுவிட்டன. எழுந்தாள்.

கம்பெனிக்குள் ஓடக்கூடாது. சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. வெடிமருந்து இருக்கும் இடத்தில் ஒருவர் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள். எனவே நடந்தாள்.

"யாருக்காகப் பாட்டு சார்?"

"எனக்கில்லம்மா. அச்சங்குளம் பாண்டிச்செல்விக்கு. சரம் பின்னுது. புருசன் மாரிக்கண்ணன், லோடு வண்டி ஓட்டுறான். ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்த கெடையாது."

"அச்சச்சோ. என்ன ஆச்சு?"

"இதோட அப்பா ரேடியோவ பழைய இரும்புல போட்டு வாளி வாங்கிட்டான். பச்ச வாளி."

அறை அறையாகச் சிரிப்பு கிளம்பியது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை தெரிந்தது.

"ஏம்மா, மெதுவா" என்றார் ஃபோர்மேன்.

"நடந்துதான் போறேன்" என்றாள்.

"சரி சார், அவங்க அவர்ட்ட என்ன சொல்ல ஆசப்படுறாங்க?"

சங்கிலிமுத்து யோசித்தார். அவள் பாதி தூரம் வந்திருந்தாள்.

"அது ஒண்ணும் சொல்லாதும்மா, ரோசக்காரப் பிள்ள. சாயந்தரம் மொச்சக் கொழம்பு வைக்கும். அவன் வந்து மரியாதையாப் பேசிச் சாப்பிடணும்."

"சூப்பர் சார். என்ன பாட்டு வேணும்?"

"முருகன் பாட்டு ஏதாச்சும் போடு தாயி."

அவள் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாட்டு ஆரம்பித்திருந்தது. முருகன் பாட்டு இல்லை. காதல் பாட்டு.

"என்னையக் கூப்புடச் சொன்னேன்ல தாத்தா?"

"கூப்புட்டா நீ ஓடி வருவ. ஓடக்கூடாதுல்ல" என்றார் சங்கிலிமுத்து. போனைத் துண்டால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அன்று மத்தியானத்துக்கு மேல் அவளுக்குச் சரம் பின்னல் ஓடவில்லை. மாரிக்கண்ணன் மற்றவர்களைக் கேலி செய்வான், தன்னைக் கேலி செய்தால் தாங்க மாட்டான். இப்போது சிவகாசி முழுக்க வாளிக் கதை தெரிந்திருக்கும். முன்பு ஒரு தடவை இப்படித்தான் கோபித்துக்கொண்டு சாத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"வருவாகளா மதினி?"

"மொச்சைன்னு சொல்லிட்டாருல்ல. ஆம்பள வராம இருப்பானா?" என்றாள் குருவம்மாள். "வீட்ல மொச்ச இருக்கா?"

இல்லை. போகும் வழியில் கடையில் வாங்கினாள். கடைக்காரர் நிறுத்துக்கொண்டே, "மரியாதையாப் பேசட்டும்" என்றார்.

குழம்பு கொதிக்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது. அவளுக்கு மூச்சு வந்தது. மாரிக்கண்ணன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"ஏ கோழி," என்றான், "சிவகாசி பூராம் என்னைய வாளின்னு கூப்புடுறானுக."

அவள் கரண்டியைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஏ கோழி, நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல. அந்தத் தாத்தா தானாச் சொன்னது."

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பழைய இரும்புக்காரர் அய்யாதுரை. ஹேண்டில்பாரில் அப்பாவின் ரேடியோ தொங்கியது. பாடிக்கொண்டும் இருந்தது.

"வாளிய எடுங்க" என்றார் அவர், சைக்கிளை விட்டு இறங்காமல். "மத்தியானம் தாயில்பட்டி டீக்கடையில இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். எவனோ ரேடியோவப் போட்டு வாளி வாங்கிட்டானாம், வீட்ல சண்டையாம். அட கூறுகெட்டவனேன்னு நானும் சிரிச்சேன். பெறகு பச்ச வாளின்னாக. கையில இருந்த ரேடியோவப் பாத்தேன். சிரிப்பு போயிருச்சு. குடும்பம் பிரியுற பாவம் நமக்கெதுக்கு?"

"இரையலையா அது?" என்றான் மாரிக்கண்ணன்.

"பின்னாடி ஒரு தட்டு தட்டுனா பாடுது. உங்களுக்குத் தட்டத் தெரியல."

பாண்டிச்செல்வி ரேடியோவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாளியைத் தேடினாள். வாசலில் இல்லை. தொட்டிப் பக்கம் இல்லை. அய்யாதுரை மனசு மாறிவிடுவாரோ என்று பதறினாள்.

"ஏங்க, வாளி எங்க?"

"வண்டியில."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இந்தத் தடவை நடுவில் கோழி இல்லை.

"வாளி எதுக்கு வண்டிக்குப் போச்சு?" பேசியது பேசியாகிவிட்டது என்று அடுத்ததையும் கேட்டாள்.

மாரிக்கண்ணன் எழுந்து போய் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்து வாளியை எடுத்து வந்தான். "இவரத்தான் தேடிக்கிட்டு அலையிறேன். வெம்பக்கோட்டைன்னாக, போனா ஆலங்குளம்னாக. வாளியப் பக்கத்து சீட்டுல வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போறவன வேற எப்புடிக் கூப்புடுவானுக?"

"எம்புட்டு நாளா?"

"நீ கோழிட்டப் பேச ஆரம்பிச்ச மறுநாள்ல இருந்து."

அவள் ரேடியோவை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எப்புடியோ, நீதான் மொதல்ல பேசுன" என்றான்.

"வாளியத்தான கேட்டேன்."

அய்யாதுரை வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் ஒன்றும் இல்லை. சைக்கிளில் கட்டினார். "பேட்டரி நான் போட்டது, புதுசு" என்று ரேடியோவை வாங்கிப் பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துக்கொண்டார். பாட்டு பாதியில் நின்றது.

"சாப்பிட்டுப் போங்க அண்ணாச்சி. மொச்சக் கொழம்பு" என்றாள்.

"அதான் ரேடியோவுலயே சொன்னாகளே" என்று சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

ஆண்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். பாண்டிச்செல்வி ரேடியோவைப் பழைய சதுரத்திலேயே வைத்துவிட்டு வந்து பரிமாறினாள். கடைக்குப் போய் பேட்டரி வாங்கி வரச் சொல்ல நினைத்தாள். அதற்குள் மாரிக்கண்ணன் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு அச்சாபீஸ்ல கேக்கணுமே. முதலாளி மேல மாடியில இருந்து கூப்புடுறாரு..." குரலை மாற்றிக்கொண்டு, முதலாளியாகவே நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏலே வாளி, லேபிள ஏத்திட்டயாலே?"